9,400 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி

அக்கா மகன் திருப்பூரில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு அழைத்தான். "மாமா, புதிதில் 2.25 கோடிக்குப் போன வண்டி. 70 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் புரோக்கர். மீட்டரில் 9,400 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. காலையில் நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்" என்றான். 2011 மாடல், இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுப் போர்டிகோவில் நின்றது.

நான் கார் வியாபாரி அல்ல. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகளாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பழைய மெஷின் எங்காவது விலைக்கு வந்தால் முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள். இத்தாலியின் சாவியோ கம்பெனி செய்த, நூல் சுற்றும் வைண்டிங் மெஷினைப் பழையதாக வாங்கும்போது எவரும் அதன் பெயிண்டைப் பார்த்து விலை பேசுவதில்லை. ஸ்பேர் எங்கிருந்து வரும், எத்தனை நாளில் வரும், கடைசியாக எதை எப்போது மாற்றினார்கள் என்றுதான் கேட்போம். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷின் என்றால் இன்னும் நான்கு கேள்வி கூடும். அதே ஆட்கள் காரென்று வந்தால் மட்டும் 'ஓடவே இல்லையாம்' என்பதில் மயங்கிப் போகிறார்கள். இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

வண்டியைப் பார்த்தேன். கண்ணாடி போலப் பளபளப்பு. உள்ளே உட்கார்ந்து ஏசி பொத்தானை அழுத்தினேன். வெல்லப்பாகைத் தொட்டதுபோல விரல் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து ஃபெராரி, மசராட்டி வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பிளாஸ்டிக்கின் மேல் பூசிய மென்பூச்சு சூட்டிலும் புழுக்கத்திலும் இளகிப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். பிறகு குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பட்டன் தேயாமல் புதிது போலவே இருந்தது. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 2213. அதாவது 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர். இத்தனை ஆண்டு கிடந்து இறுகிப்போன ரப்பரை நம்பி அவினாசி ரோட்டில் அந்த எஞ்சினை மிதிக்க எனக்கு மனம் வராது. பின்பக்க மூடியைத் திறந்தால் ஒயரிங் ஓரமாகத் தேங்காய் நார்த் துணுக்குகள். எலி குடும்பம் நடத்தியிருக்கிறது.

சர்வீஸ் பில் கேட்டேன். "வண்டி ஓடினால்தானே சர்வீஸ்?" என்றார் புரோக்கர். அந்த ஒரு வார்த்தையிலேயே பேரம் முறிந்துவிட்டது. பிரேக் ஆயில் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரப்பர் சீல் காய்கிறது, பேட்டரி இறங்குகிறது. ஃபெராரி எஃப்355 போன்ற பழைய மாடல்களில் எஞ்சினின் உள் ஓட்டத்தை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்துதான் தீர வேண்டும்.

இன்னொன்றையும் மாப்பிள்ளைக்கு உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். இன்சூரன்ஸ் கணக்கில் எந்தக் காரும் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் 40 சதவீதம், நான்கு முடிந்ததும் 50 சதவீதம் தேய்மானம். ஐந்தைத் தாண்டினால் கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யும் மதிப்புதான். வண்டியின் விலை இப்படி இறங்கும். அதன் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க்கின் விலை இறங்காது. 70 லட்சம் கொடுத்து வாங்கினாலும் வந்து சேரும் பில் 2.25 கோடி வண்டிக்கான பில்தான். விலையில் விழுந்த 1.55 கோடியை லாபம் என்று நினைக்கக் கூடாது. முன்னால் வைத்திருந்தவர்கள் செய்யாமல் விட்ட வேலையெல்லாம் அதற்குள் கடனாக உட்கார்ந்திருக்கிறது.

எல்லா இத்தாலிய வண்டியும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதும் உண்மை. மசராட்டி குவாட்ரோபோர்ட்டே போன்ற நான்கு கதவு வண்டிகள் வேகமாக விழும். அடுத்த மாடல் வந்ததும் முதலாளிகள் அதற்கு மாறிவிடுவார்கள். ஃபெராரி 458 அப்படியல்ல. 2015இல் அதன் இடத்துக்கு டர்போ வைத்த 488 வந்ததும், டர்போ இல்லாத அந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் சத்தத்துக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. லம்போர்கினி கலார்டோ 2003 முதல் 2013 வரை 14,022 வண்டிகள் வெளிவந்தன. அதிலேயே டெஸ்ட் டிரைவர் வாலென்டினோ பால்போனியின் பெயரில் வந்தவை 250 மட்டும். இரண்டுக்கும் ஒரே விலை எப்படி இருக்கும்? கிளட்ச் பெடல் இல்லாத கலார்டோ இ-கியர் வண்டியில் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரை மாட்டிச் சதவீதமாகவே பார்க்கலாம். அந்த எண்ணைக் காட்ட மறுப்பவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபெராரி 2010களின் தொடக்கத்திலிருந்து புது வண்டிகளுக்கு ஏழு ஆண்டு வழக்கமான சர்வீஸைச் சேர்த்தே தருகிறது. கை மாறினாலும் அது வண்டியோடு போகும். அந்த ஏழு ஆண்டிலும் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழுந்திருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆர்சி புத்தகத்தையும் பாருங்கள். வெளி மாநில எண்ணோடு வரும் வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். 15 ஆண்டு முடியப் போகும் வண்டிக்கு எஃப்சி வேலையும் காத்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. சின்ன வயதிலிருந்து கோவை செட்டிபாளையத்தின் கார் பந்தயத் தளமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்த ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு எப்போதும் வாய் வராது. மூன்று வாரம் தேடினோம். கோவை ரேஸ் கோர்ஸ் பகுதியில் ஒரு பெரியவரிடம் அதே மாடல் இருந்தது. 31,000 கிலோமீட்டர், 84 லட்சம். ஞாயிறு தோறும் விடியற்காலையில் அவினாசி வரை தானே ஓட்டிப் போய் வருவாராம். வண்டிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு பச்சை ஃபைலை எடுத்து வைத்தார். சர்வீஸுக்காகப் பெங்களூருக்கு லாரியில் ஏற்றி அனுப்பிய வாடகை ரசீது முதல் டயர் பில் வரை தேதி வாரியாகத் துளை போட்டுக் கோத்திருந்தார். அடிப்பாகத்தில் வேகத்தடை உரசிய கீறல்கள் இரண்டு இருந்தன. அவரே டார்ச் அடித்துக் காட்டினார்.

14 லட்சம் கூடக் கொடுத்து அதைத்தான் வாங்கினோம். போன வாரம் மாப்பிள்ளை பிரேக் ஆயில் மாற்றினான். அந்த பில்லுக்குத் துளை போட்டுப் பச்சை ஃபைலில் கோக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.