மைக்கை வாங்கிக்கொண்டார்கள், சரி. என் விசுவாசத்தையுமா?

சித்தியின் அடக்கத் திருப்பலியில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே மைக்கை வாங்கிக்கொண்டது இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். நேற்று இரவு ஒருவர், "உயிர்ப்பை மறுக்கிறவளுக்குக் கோவிலுக்குள் என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். அதற்கு லைக் போட்டவர்களில் என் உறவினர்கள் ஆறு பேர். எண்ணிப் பார்த்தேன்.

இயேசு சாவிலிருந்து எழுந்தார், இறந்தோரும் எழுவார்கள் என்னும் உயிர்ப்பை நான் மறுக்கவில்லை. அன்று சொன்னது ஒன்றுதான்: சாவையும் உயிர்ப்பையும் பற்றிய நம் புரிதல், மனிதனின் உணர்வுநிலை விரிய விரியக் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது, இன்னும் வளரும். வளர்ந்தது என்று சொன்னால் பொய் என்று சொன்னதாக எப்படி ஆகும்?

விவிலியத்தைத் திறந்து பாருங்கள். பழைய இஸ்ரயேலருக்கு, நல்லவனும் கெட்டவனும் போய்ச் சேரும் இடம் ஒரே பாதாளம். பாதாளத்தில் உம்மைப் போற்றுபவர் யார் என்று ஆறாம் திருப்பாடல் கடவுளிடமே கேட்கிறது. இறந்தோருக்கு ஒன்றும் தெரியாது என்கிறார் சபை உரையாளர். அவர்களும் விசுவாசிகள்தாம். அன்று மனிதன் தன்னைத் தனி ஆளாக உணர்ந்ததைவிடக் குலமாகவே அதிகம் உணர்ந்தான். பிள்ளைகளும் பெயரும் தொடர்ந்தால் அவன் வாழ்ந்தான். எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகள் எழுந்து நின்றதும் நாடிழந்த ஓர் இனம் எழுவதைப் பற்றியதே. அந்த எலும்புகள் இஸ்ரயேல் வீட்டார் என்று அதே அதிகாரத்தில் ஆண்டவரே விளக்குகிறார்.

இறந்தவர்கள் எழுவார்கள், ஒவ்வொருவரும் தன் வாழ்வுக்குப் பதில் பெறுவார் என்பது தெளிவாக வருவது தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரத்தில். அந்நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 165-ஐ ஒட்டி என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. நான்காம் அந்தியோக்கு என்ற அரசன் யூதர்களை வதைத்த காலம் அது. கடவுளுக்காகவே செத்த பிள்ளைக்குக் கடவுள் என்ன செய்வார்? ஒரே நாளில் ஏழு மகன்களையும் பறிகொடுத்த தாயின் வரலாறு மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. குலம் பிழைத்தால் போதும் என்ற பழைய ஆறுதல் அவளுக்குப் போதவில்லை. ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்று அறிந்த மனத்தில்தான் உயிர்ப்பு நம்பிக்கை வேர் பிடித்தது. அந்த மனத்தின் வழியாகக் கடவுள் பேசினார் என்பது என் விசுவாசம். இதில் மறுப்பு எங்கே இருக்கிறது?

"கிறிஸ்து எழவில்லை என்றால் நம்பிக்கை வீண் என்று பவுல் எழுதினாரே" என்கிறார்கள். எழுதினார். ஆமென். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் திருமுகத்தின் அதே 15-ஆம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் படிக்கக் கூடாதா? நாம் விதைப்பது முளைக்கப்போகும் பயிரை அல்ல, வெறும் மணியை என்கிறார். ஊனும் இரத்தமும் இறையாட்சியை உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்கிறார். பிணம் மீண்டும் நடமாடியது என்பதோடு அவருக்கு விஷயம் முடியவில்லை.

"இயேசுவின் கல்லறை காலியா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்" என்று இன்னொருவர். காலி. போதுமா? ஆனால் மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகளில், அதைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடுவதோடு எழுத்து நின்றுவிடுகிறது. எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர் இருவர் வழிநெடுக உயிர்த்த இயேசுவோடு நடந்தும், அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள். மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தெரிந்தது. கண் எப்போதோ பார்த்துவிட்டது. உள்ளே ஒன்று விழிக்க வேண்டியிருந்தது. நான் சொன்னது இதைத்தான், இதை மட்டும்தான்.

டார்வினைக் கோவிலுக்குள் கொண்டுவராதே என்பவர்களுக்கு: தெயார் த ஷார்தன் இயேசு சபைக் குரு, புதைபடிவ ஆய்வாளர். பொருள் உயிராகி, உயிர் சிந்தனையாகி, எல்லாம் கிறிஸ்துவில் நிறைவை நோக்கி நகர்கின்றன என்று எழுதினார். அவர் உயிரோடிருந்தவரை அவற்றை நூலாக வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1955-இல், உயிர்ப்பு ஞாயிறன்று இறந்தார். 1962-இல் உரோமை அவர் நூல்களைக் குறித்து எச்சரித்தது. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் மறையுரையில் அவருடைய பார்வையை மகத்தானது என்றார்.

சாவு வீட்டில் பாடம் நடத்தலாமா என்று கேட்டவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நீட்டிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் நீட்டினேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அம்மாவின் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்தது. திருமுழுக்குக் கொடுக்க நேரமில்லை. கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அது லிம்போவுக்கு, அதாவது திருமுழுக்குப் பெறாத குழந்தைகள் போவதாகச் சொல்லப்பட்ட இடத்துக்குப் போகும், கடவுளின் முகத்தைக் காணாது என்று அம்மாவிடம் சொன்னார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், அம்மா முதலில் கட்டைவிரலை மடக்குவார். ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு சுட்டுவிரலிலிருந்து எங்கள் பெயர்களைத் தொடங்குவார். மடங்கிய அந்த விரலைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன்.

2007-இல் உரோமையின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அத்தகைய குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று அறிவித்தது. லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லையாம். அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். புரிதல் வளரக் கூடாது என்கிறவர்களே, அந்த விரலுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? கடவுளா மாறினார்? அந்தக் குழந்தையை அவர் முதல் நாளே ஏந்திக்கொண்டிருப்பார். நமக்குத்தான் அது எட்டுவதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர் சித்தி. அம்மா அதற்கு மனதுக்குள் வைத்திருந்த பெயரை, போன மாதம் என் காதருகே சொன்னவரும் அவர்தான். அன்று என் கையில் இருந்த தாளின் கடைசி வரியில் அந்தப் பெயர் இருந்தது. கோவிலுக்குள் ஒருமுறையாவது அது சத்தமாக ஒலிக்கட்டும் என்றுதான் மைக்கின் முன் போய் நின்றேன். அதற்கு இரண்டு வரி இருக்கும்போது வாங்கிக்கொண்டார்கள்.