ஒன்றரை விழுக்காடும் ஏழரை விழுக்காடும்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் தமிழ்ப் பெற்றோர் நான்கு பேர் கூடினால், எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீட்டாரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி டிஜேயைப் பற்றியதாகத்தான் இருக்கும். 1985இல் தொடங்கப்பட்ட தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியைத்தான் இங்கே எல்லோரும் அப்படி அழைக்கிறார்கள். கல்விக் கட்டணமில்லாத அரசுப் பள்ளி. ஆனால் விரும்பியவர்கள் எல்லாம் சேர்ந்துவிட முடியாது. அங்கே இப்போது மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை நம் பிள்ளைகளுக்கு எதிரானது என்று நம்மவர் பலர் மனம் வெதும்பிப் பேசுகிறார்கள். முதலில் நானும் அப்படித்தான் பேசினேன். அது தவறு என்று இன்று உறுதியாக நினைக்கிறேன்.

2020 வரை நுழைவுத் தேர்வு இருந்தது. விண்ணப்பக் கட்டணம் 100 டாலர். என் மகள் 2018இல் அந்தத் தேர்வை எழுதினாள். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டு, சனிக்கிழமை தவறாமல் காலை ஒன்பது மணிக்கு அவளைப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் விட்டு, பன்னிரண்டு மணிக்கு அழைத்து வருவேன். கணக்குகளுக்கென்று ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தாள். ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் அதை எத்தனை நொடியில் முடித்தாள் என்று பென்சிலால் குறித்திருப்பாள். அவள் உழைப்பு உண்மையானது, இடமும் கிடைத்தது. ஆனால் நான் கட்டிய பணமும், சனிக்கிழமை விடுமுறை தரும் என் வேலையும், வாசலில் நின்ற காரும் அந்த மதிப்பெண்ணுக்குள் அடங்கியிருந்தன என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

2020 இறுதியில், டிஜேயை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) பள்ளி வாரியம் தேர்வையும் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கிவிட்டு, ஆண்டுக்குச் சுமார் 550 இடங்கள் என்று வைத்து, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 விழுக்காட்டுக்கு நிகரான இடங்களை ஒதுக்கியது. மீதமுள்ள இடங்களுக்கு எல்லோரும் போட்டியிடலாம். விண்ணப்பிக்கவே, நான்கு புள்ளி அளவில் சராசரி மதிப்பெண் 3.5 வேண்டும். மாணவர்கள் தங்களைப் பற்றி ஒரு தாளும், கணிதம் அல்லது அறிவியல் சார்ந்த சிக்கல் ஒன்றைத் தீர்க்கும் கட்டுரையும் எழுதுகிறார்கள். பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை உணவு பெறுவதும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுவருவதும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. மதிப்பிடுபவர்களுக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

முதல் ஆண்டிலேயே இடம் பெற்றவர்களில் ஆசியர் பங்கு 73 விழுக்காட்டிலிருந்து 54 ஆகக் குறைந்தது. நம் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இந்த எண்தான். ஒரு விழுக்காடுகூட இல்லாதிருந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் பங்கு 25 விழுக்காடானதையும், முந்தைய ஆண்டு ஒரே ஒரு ஏழை ஆசியப் பிள்ளைக்கு இடம் கிடைத்த அதே பள்ளியில் அந்த ஆண்டு 51 பேருக்குக் கிடைத்ததையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த 51 பேர் நம் பிள்ளைகள் இல்லையா? பெற்றோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் புதிய முறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தாலும், 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

அதே 2020இல்தான், நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பயிற்சி பெற்றவனையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை என்று இங்குள்ள நண்பர்கள் பலர் அதை வரவேற்று எழுதினார்கள், நானும் எழுதினேன். அங்கே சரியென்று பட்ட நியாயம் இங்கே நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் அநியாயமாகிவிடுமா?

புதிய முறையில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 என்ற இயற்கணிதப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்வரை, உண்மையான தேர்வு ஆறாம், ஏழாம் வகுப்புகளில், எந்தப் பிள்ளையை எந்தக் கணித வகுப்பில் உட்கார வைக்கிறார்கள் என்பதிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இந்த விவரம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊர் முழுக்கப் பார்த்தால் தெரியாத வீடுகள்தான் அதிகம். நடுநிலைப் பள்ளிகள் இதை ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் மொழியில், ஐந்தாம் வகுப்பு முடியும்போதே சொல்ல வேண்டும்.

எங்கள் தெருமுனைக் குடியிருப்பில் எல் சால்வடோரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தாய் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறார், சனிக்கிழமையும் வேலை. ஆறாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் ஞாயிறு மாலைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் மகளின் அந்த நீலக் கோப்பிலிருந்து கணக்குப் போடுகிறாள். ஓரத்தில் இருக்கும் பென்சில் எண்கள் என்னவென்று போன வாரம் கேட்டாள். நொடிக் கணக்கு என்றேன். இனி அது தேவையில்லை என்றும் சொன்னேன்.