பீரங்கி மட்டுமா காரணம்?

திருவிதாங்கூரின் தளவாயாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த வேலுத்தம்பியின் 1809 கிளர்ச்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிகளால்தான் தோற்றது என்று, அவரைப் பற்றி நான் படித்த கட்டுரையின் ஆசிரியர் முடித்துவிட்டார். தலக்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது.

1804இல் வீரர்களின் படிப்பணத்தைக் குறைக்கப் போகிறார் என்று திருவிதாங்கூரின் நாயர் படையே தளவாய்க்கு எதிராகக் கிளம்பியது. அதை அவர் அடக்கியது கம்பெனியின் துணையோடு. விலை, 1805 ஒப்பந்தம்: கம்பெனிக்குக் கட்டும் ஆண்டுக் கப்பம் நான்கு லட்சத்திலிருந்து எட்டு லட்சமானது. அதே படையை நம்பித்தான் நான்கே ஆண்டுகளில் கம்பெனியோடு மோதினார். மனக்கசப்பு அதற்குள் ஆறியிருக்குமா?

கூட்டாளியான கொச்சி அமைச்சர் பாலியத்தச்சன் கதை இன்னும் மோசம். 1808 டிசம்பரில் கொச்சியில் கம்பெனியின் ரெசிடெண்ட் (பிரதிநிதி) மெக்காலேயின் மாளிகையை இருவரின் ஆட்களும் சேர்ந்து தாக்கினார்கள், மெக்காலே தப்பிவிட்டார். அடுத்த பிப்ரவரிக்குள் அச்சன் தனியாகச் சமாதானம் பேசி விலகிக்கொண்டார்.

திருவிதாங்கூருக்குள் நுழையும் வழியான ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். மலையை ஒட்டிய அந்தக் கணவாயைப் பார்த்தால், காவல் விழிப்பாக இருந்திருந்தால் யாரும் எளிதில் நுழைந்திருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் கம்பெனிப் படையின் மேஜர் வெல்ஷின் ஆட்கள் 1809 பிப்ரவரி 10 அன்று இரவோடிரவாகச் செங்குத்தான சரிவில் ஏறி அரணுக்குள் இறங்கிவிட்டார்கள். பிறகு உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் பெரிய சண்டையின்றியே விழுந்தன. சுவர் பலவீனமா, காவல் பலவீனமா?

அரண்மனையும் கைவிட்டது. புதிய திவான் உம்மிணித் தம்பியின் ஆட்களே வேலுத்தம்பியை மண்ணடி என்ற ஊர் வரை துரத்தினார்கள். தளவாயின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டுரையில் 1804 பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.