நாற்பது நாளும் ஒரு மொட்டும்

சதாசிவம்: மரகதம், நீ கொடுத்த மழை லில்லிக் கிழங்குகள் பத்தையும் நட்டு நாற்பது நாள் ஆகிறது. காலையும் மாலையும் ஒரு குவளைத் தண்ணீர், வாரந்தவறாமல் உரம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தும் இலைகள் கோரைப்புல்லைப் போல நீண்டு சாய்கின்றனவே தவிர, பெயருக்கு ஒரு மொட்டுகூட இல்லை.

மரகதம்: தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் வரும், அண்ணா. (தொட்டியைச் சாய்த்து அடியைத் தடவுகிறாள்.) இதில் துளையே இல்லையே?

சதாசிவம்: இருந்தது. தரை நனைகிறது என்று நான்தான் மெழுகு உருக்கி அடைத்தேன்.

(மரகதம் ஒரு கிழங்கைக் கிளறி எடுக்கிறாள். விரல் பட்டதும் அது கூழாகப் பிதுங்குகிறது. நாற்றத்தை விவரிக்காமல் விடுவதே நல்லது.)

மரகதம்: சின்ன வெங்காயம் அளவே உள்ள இந்தக் கிழங்கு, மழையற்ற நாட்களைத் தாங்குவதற்காகத் தண்ணீரையும் உணவையும் தன் அடுக்குகளுக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதைச் சேற்றில் ஊறப் போட்டால் அழுகாமல் என்ன செய்யும்?

சதாசிவம்: போன ஞாயிறு தோண்டிப் பார்த்தபோது கெட்டியாகத்தானே இருந்தது!

மரகதம்: தோண்டிப் பார்த்தீர்களா?

சதாசிவம்: ஞாயிறுதோறும். அளவுகோல் வைத்துக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மரகதம்: குறிப்பேட்டை மூடுங்கள். மிஞ்சிய கிழங்குகளை, மணல் கலந்த மண்ணில், கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி நெருக்கமாக நடுங்கள். தொட்டி சற்று நெரிசலாக இருந்தால் இது நன்றாகவே பூக்கும். நல்ல வெயிலில் வைத்து, வேர் பிடித்தபின் மூன்று வாரம் காயவிட்டு, அதன்பிறகு அடித்துளை வழியே வழியும்வரை ஒரே தடவையாக ஊற்றினால், மழை பெய்ததாக எண்ணிச் சில நாளில் மொட்டு விடும். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆனால் அடுத்தடுத்து வரும். சமையலறைப் பக்கம் மட்டும் கிழங்கைக் கொண்டுபோகாதீர்கள், அது நஞ்சு.

சதாசிவம்: இதன் தாவரவியல் பெயர் ஜெஃபிராந்தெஸ், அதாவது மேற்குக் காற்றின் பூ என்று படித்தேன். 1821-இல் வில்லியம் ஹெர்பர்ட் என்பவர் வைத்த பெயராம். மேற்குப் பக்கமாக மின்விசிறி ஒன்றை வைக்கட்டுமா?

மரகதம்: எதையும் வைக்க வேண்டாம். அந்தப் பூவாளியையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

(ஐந்தாவது வாரம். வெளியே தூறல் விழுகிறது.)

சதாசிவம்: மரகதம், ஓடி வந்து குடையைப் பிடி!

மரகதம்: நனையாமல் உள்ளே வாருங்களேன், அண்ணா.

சதாசிவம்: குடை எனக்கில்லை, தொட்டிக்கு. நீ சொன்ன மூன்று வாரம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இந்த மழை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் போலிருக்கிறதே!