சாலா வாய்விட்டுக் கேட்டதில் என்ன தப்பு?

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் லிவர்பூல் – ஆர்சனல் ஆட்டத்தைப் பாம்பனில் மச்சான் வீட்டு மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். மீன்பிடித் தடைக்காலம், அதனால் கடலுக்குப் போகிற பையன்கள் எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள். லிவர்பூல் ஏற்கெனவே சாம்பியன். ஏப்ரல் 27 அன்றே டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து 20-வது பட்டத்தை வாங்கியாகிவிட்டது. சந்தோஷமாகப் பார்க்க வேண்டிய ஆட்டம். ஆனால் இரண்டாம் பாதியில் ட்ரென்ட் அலெக்சாண்டர் அர்னால்ட் மைதானத்துக்குள் வந்ததும் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் ஊளை. ஆறு வயதில் அந்த கிளப்புக்குள் வந்து இருபது வருஷம் இருந்த, அதே ஊர்ப் பையன். ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று அதற்கு ஆறு நாள் முன்னால்தான் சொல்லியிருந்தார்.

மச்சான் "துரோகி" என்றான். அப்புறம் ஒரு படி மேலே போய், அதே லிவர்பூலுக்குக் கோல் போட்டுத் தள்ளும் எகிப்துக்காரர் சாலாவையும் இழுத்து, "சாலா மட்டும் என்ன யோக்கியம்? மைக்கைப் பார்த்த இடத்தில எல்லாம் பேசி, கிளப்பை மிரட்டித்தானே கையெழுத்து வாங்கினான்" என்றான். அங்கே இருந்த பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். முகமது சாலா 2022 ஜூலையில் போட்ட ஒப்பந்தம் 2025 ஜூனோடு முடிய வேண்டியது. இடையில் 2023-ல் சவுதியின் அல் இத்திஹாத் கிளப் 15 கோடி பவுண்டு வரை தருகிறோம் என்று கேட்டபோது, விற்க முடியாது என்று லிவர்பூல் சொல்லிவிட்டது. சரி, அவ்வளவு வேண்டியவர் என்றால் அடுத்த வருஷமாவது கூப்பிட்டுப் பேச வேண்டும் இல்லையா? 2024 செப்டம்பர் முதல் தேதி, மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானத்திலேயே 3-0 என்று ஜெயித்த அன்று, ஒப்பந்தம் பற்றி கிளப்பில் யாரும் தன்னிடம் பேசவில்லை என்று சாலாவே சொன்னார். நவம்பரில் சவுத்தாம்ப்டனில் 2-1 என்று பின்தங்கி நின்ற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயிக்க வைத்துவிட்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்று, இன்னும் எந்த ஒப்பந்தமும் வரவில்லை, இருப்பதைவிடப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்றார்.

உடனே எழுந்தது கூச்சல். தன் ஆட்டக் காலம் முழுவதையும் லிவர்பூலிலேயே கழித்த ஜேமி கேரகர் டிவியில் இதைச் சுயநலம் என்றார். ரியல் மாட்ரிட், மான்செஸ்டர் சிட்டி என்று பெரிய ஆட்டங்கள் வரிசையில் நிற்கும்போது இப்படிப் பேசலாமா என்பது அவர் கேள்வி. கேரகர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் அவர் சொன்னது தப்பு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். பேசிய பிறகு சாலா கால் தளர்ந்தாரா? அந்த சீசன் முடிவதற்கு முன்பே லீக்கில் 28 கோல், 18 கோலுக்கு உதவி. 38 ஆட்டச் சீசனில் இப்படி இரண்டும் சேர்த்து அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. உழைப்பில் ஒரு குறையும் வைக்காதவன், என் கணக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் அது மிரட்டலா?

எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போனால்தான் ஆச்சரியம். விசைப்படகில் டிரைவராகவோ ஆளாகவோ போகிறவர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அந்தப் பணம் நிற்கிறவரை வேறு படகில் ஏற முடியாது. ஏற வேண்டும் என்றால் புது முதலாளி வந்து பழைய முதலாளிக்குப் பணத்தைக் கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போவார். கால்பந்தில் டிரான்ஸ்ஃபர் தொகை என்று ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். படகு மாறுகிறவர்கள் பெரும்பாலும் எப்போது மாறுகிறார்கள்? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, இந்த 61 நாள் தடைக்காலத்தில். ஐரோப்பாவிலும் சீசன் முடிந்த கோடையில்தான் ஆள் மாற்றுகிறார்கள். வலை பொத்துகிற இடத்திலும் பெயின்ட் அடிக்கிற இடத்திலும் இப்போது போய் நின்று பாருங்கள், யார் எந்தப் படகுக்குப் போகிறான் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

சரி, அட்வான்ஸை அடைத்துவிட்டீர்கள். ஒரு பைசா பாக்கி இல்லை. அப்போதும் பழைய முதலாளி, "நீ வேறு படகில் ஏற வேண்டும் என்றால் அவன் எனக்குப் பணம் தரணும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஊரே கூடி நியாயம் கேட்கும். ஐரோப்பாவில் பல கிளப்கள் 1995 வரை அதைத்தான் செய்தன. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் 1990-ல் முடிந்தது. பழைய சம்பளத்தில் கால் பங்குக்கு ஆடு என்றார்கள். அவர் பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றார். பணம் வராமல் விட மாட்டோம் என்று லியேஜ் பிடித்துவைத்தது. ஐந்து வருஷம் கோர்ட்டில் அலைந்து, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திரம் என்ற வழி அப்படித்தான் திறந்தது. போஸ்மனுக்கு அதற்குள் ஆடுகிற வயசு போய்விட்டது. பணமும் நிலைக்கவில்லை, குடியிலும் விழுந்து கஷ்டப்பட்டார். அவர் வாங்கிக்கொடுத்த உரிமையில்தான் ட்ரென்ட் ஸ்பெயின் பக்கம் பார்த்தார், சாலா நிமிர்ந்து நின்று பேசினார். ஊளையிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"அவன் வாரம் நாலு கோடி ரூபாய் வாங்குறான், அவனுக்கு நீ ஏன் வக்காலத்து?" என்று மச்சான் கேட்டான். இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதிய மூன்றரை லட்சம் பவுண்டை நம்ம காசில் மாற்றினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மலைப்பான தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் சாலாவுக்குப் போகாவிட்டால் யாருக்குப் போகும்? மைதானத்தில் டிக்கெட் வாங்குகிறவனுக்கோ, மாடியில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கோ வராது. 2010-ல் 30 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கிய அமெரிக்க முதலாளிகளிடம் நிற்கும். கிளப்பின் மதிப்பு இன்றைக்கு அதைப்போலப் பல மடங்கு. அந்த மதிப்பு ஏறியதில், எகிப்தில் நாக்ரிக் என்ற கிராமத்திலிருந்து பயிற்சிக்காகப் பஸ் மாறி மாறி தினமும் மணிக்கணக்கில் கெய்ரோ போய் வந்த அந்தப் பையனின் கால்களுக்குப் பங்கு இல்லையா?

கிளப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 32 வயதைத் தாண்டிய ஆளுக்கு இரண்டு வருஷம் எழுதிக்கொடுத்தால், அடுத்த வருஷமே கால் ஓய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கணக்குப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் உரிமை. நான் குறை சொல்வது கணக்குப் பார்த்ததை அல்ல, வாயைத் திறக்காமல் இருந்ததை. சாலா, ட்ரென்ட், கேப்டன் வான் டைக் மூன்று பேரின் ஒப்பந்தமும் ஒரே கோடையில் முடிய விட்டார்கள். ஏப்ரல் 11-ல் சாலாவும், அடுத்த வாரம் வான் டைக்கும் 2027 வரை கையெழுத்துப் போட்டார்கள். ட்ரென்ட் போக முடிவெடுத்தார். ஏழு மாசத்துக்கு மேல் ஒரு ஆளைத் தொங்கலில் வைத்திருப்பது என்ன என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

என் அப்பாவுக்குத் தெரியும். பாம்பன் தெற்குவாடியில் ஒரே முதலாளியின் படகில் பதினேழு வருஷம் டிரைவராகப் போனார். திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் தொழில். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போகப் பங்கு, டிரைவருக்குக் கொஞ்சம் கூட. இறால் நன்றாகப் பட்ட வருஷங்களில் வேறு இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். "பிள்ளைங்க மாதிரி பாத்துக்கிறாங்க, விட்டுட்டு வர முடியாது" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு நாள் கயிறு இழுக்கும்போது தோள் விட்டுப்போனது. அந்த வருஷத் தடைக்காலம் முழுக்க முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூன் 15 அன்று கடலுக்குப் போவதற்கான டோக்கன் வாங்கப் போனவருக்கு, படகில் வேறு டிரைவர் ஏறிவிட்டார் என்று துறையில் நின்ற ஆட்கள் சொல்லித்தான் தெரிந்தது. திட்டவில்லை, சண்டை போடவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். அம்மா அந்தத் தூக்கைக் கழுவி மேலே வைத்தது எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது.

பிற்பாடு ஒரு தடவை கேட்டேன், "ஏம்பா, முன்னாடியே போய்க் கேட்டிருக்கலாம்ல?" என்று. "கேட்டா நம்பலைன்னு ஆயிடும்ப்பா" என்றார். அந்த வார்த்தையை நான் பல வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அப்பா அப்படி நம்பியிருக்கக் கூடாது, அவரை அப்படி நம்ப வைத்திருக்கவும் கூடாது. கடலுக்குப் போகிற உடம்புக்கும் பந்து ஆடுகிற உடம்புக்கும் நல்ல காலம் கொஞ்ச வருஷம்தான். அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்பவனை நன்றி கெட்டவன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

தம்பி இப்போது அதே தொழிலில்தான் இருக்கிறான். மண்டபம் ஊரில் ஒருத்தர் டிரைவராக வா, அட்வான்ஸை நான் அடைக்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். இருக்கிற படகில் இவன் முதலாளி நல்ல மனுஷன், ஆனால் அடுத்த வருஷம் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. பொறுத்திரு, அவரே கூப்பிட்டுப் பேசுவார் என்கிறாள் அம்மா. நேரே போய், அண்ணே, இப்படி ஒருத்தர் கூப்பிடுறாரு, உங்ககூடவே இருக்கத்தான் எனக்கு ஆசை, என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க என்று கேட்டுவிடு என்றேன் நான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான், "போய்க் கேட்டுட்டு வாடா" என்றார்.

இன்று சாயங்காலம் போயிருக்கிறான். இதை எழுதி முடிக்கிற வரைக்கும் போன் வரவில்லை.