டெக்சாஸ் ரம்பக் கொலைகள் உண்மைக் கதை இல்லை

'ஒவ்வொரு பத்தாண்டின் முக்கியமான பேய், திகில் படங்கள்' என்று ஒரு பட்டியல் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதில் எழுபதுகளுக்கு 'தி டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' (1974) படத்தை, அதாவது மனிதத் தோல் முகமூடி போட்ட ஒருவன் இயந்திர ரம்பத்தால் இளைஞர்களைக் கொல்லும் கதையைப் போட்டு, 'டெக்சாஸில் 1973ல் அப்படியே நடந்த சம்பவம், கொலைகாரன் இன்னும் பிடிபடவில்லை' என்று சேர்த்திருக்கிறார்கள். படம் முக்கியமானதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி ஒரு சம்பவம் டெக்சாஸில் நடக்கவே இல்லை.

இந்தக் குழப்பத்துக்குப் படமே காரணம். ஆரம்பத்தில் எழுத்து ஓட ஓட ஒரு குரல், ரொம்ப சீரியஸாக, இது நிஜத்தில் நடந்தது என்று சொல்லி 1973 ஆகஸ்ட் 18 என்று தேதியும் போடும். வேடிக்கை என்னவென்றால், படப்பிடிப்பே அந்தக் கோடையில்தான் நடந்தது!

இயக்குநர் டோப் ஹூப்பருக்குத் தூண்டுதலாக இருந்தவன் எட் கீன் என்ற நிஜக் கொலைகாரன். அவன் ஊர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள பிளைன்ஃபீல்ட், டெக்சாஸுக்கு ரொம்பத் தூரம். கல்லறைகளைத் தோண்டி, மனிதத் தோலில் முகமூடி செய்து வைத்திருந்தான், அதுதான் படத்துக்குப் போனது. அவன் ஒப்புக்கொண்ட கொலைகள் இரண்டு, இரண்டும் துப்பாக்கியால், ரம்பமே கிடையாது. 1957லேயே பிடிபட்டு, 1984ல் மனநல மருத்துவமனையில் இறந்தான். அறுபதுகளின் 'சைக்கோ' படத்துக்கும் இதே ஆள்தான் தூண்டுதல், ஆனால் அதை யாரும் உண்மைச் சம்பவம் என்று அனுப்புவதில்லை.

சரிபார்க்க 1957 டிசம்பர் லைஃப் இதழ் போதும், கைதுச் செய்தி படங்களோடு இருக்கிறது. பட்டியலை அனுப்புங்கள், அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு.