ரொட்டி ஈஸ்டின் கேல்4 புரதம் நம் மரபணுக்களை இயக்குமா?

‘ரொட்டியில் சேர்க்கும் ஈஸ்டிலுள்ள கேல்4 என்ற புரதம் மனித மரபணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை இயக்கும், ஈக்களில் நிரூபித்துவிட்டார்கள்’ என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கேல்4 ஈஸ்டின் படியெடுத்தல் காரணி, அதாவது டிஎன்ஏவில் அமர்ந்து மரபணுக்களை இயக்கும் புரதம். 881 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் ஒரு முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறு சேர்ந்து இரண்டு துத்தநாக அணுக்களைப் பற்றியிருக்கும். பெரும்பாலும் பூஞ்சைகளில் மட்டுமே காணப்படும் அமைப்பு இது. இரண்டு கேல்4 மூலக்கூறுகள் ஜோடியாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் 17 எழுத்து நீளமுள்ள குறிப்பிட்ட இடத்தில் அமரும். மறுமுனைதான் மரபணுவை முடுக்குவது. கேலக்டோஸ் சர்க்கரை இல்லாதபோது கேல்80 என்ற புரதம் அந்த முனையை அடக்கி வைத்திருக்கும். சர்க்கரை வந்ததும் கேல்3 அந்தப் பிடியைத் தளர்த்தும். கேலக்டோஸைச் செரிக்கும் நொதிகளை உண்டாக்குவதே இத்தனை ஏற்பாட்டின் நோக்கம்.

ஈ ஆய்வு உண்மையானது. 1993இல் ஆண்ட்ரியா பிராண்ட், நார்பர்ட் பெரிமன் வெளியிட்டது. ஆனால் எந்த ஈயும் ஈஸ்டைத் தின்று மாறிவிடவில்லை. கேல்4 மரபணுவையும் அது அமரும் இடத்தையும் ஆய்வாளர்களே ஈயின் மரபணுத் தொகுதியில் புகுத்தினார்கள். செய்தியை எழுதியவர் வசதியாக விட்டுவிட்டது இதைத்தான்.

ரொட்டி வேகும்போதே ஈஸ்ட் இறந்துவிடுகிறது. எஞ்சும் புரதம் பருப்பின் புரதத்தைப் போலவே குடலில் செரிக்கப்படுகிறது.

கேல்4 விவரங்களை யூனிபுராட் என்ற புரதத் தகவல் தளத்தில் பி04386 என்ற எண்ணிலும், அது டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் வடிவத்தைப் புரதத் தரவு வங்கியில் 1டி66 என்ற பதிவிலும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.